எழுநூறு புத்தகத்தோட ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போறேன், பேசாம கிண்டிலுக்கு மாறிடலாமா?

பாளை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டுப் போறவ நான், எழுதுறது இதான் முதல் தடவை, தப்பான பகுதியில போட்டிருந்தா அட்மின் மாத்தி விட்டுருங்க.

விஷயம் இதான். தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆகுது, பாளையங்கோட்டை வீட்டைக் காலி பண்ணிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் மேடவாக்கத்துல மகன் ஃபிளாட்டுக்குப் போறோம். ரெண்டு பெட்ரூம்தான். என்கிட்ட புத்தகம் அறுநூறு எழுநூறு தேறும், எண்ணிப் பாத்ததில்ல, நாலு பீரோவும் ரெண்டு தகர டிரங்குப் பெட்டியும்னு கணக்கு வெச்சுக்கோங்க. மகன் "எல்லாத்தையும் கொண்டு வாங்கம்மா"ங்கான். மருமக ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு யோசனையா இருக்கு.

இதுல கண்ணு வேற. போன வருஷம் ரெண்டு கண்ணுலயும் கேட்டராக்ட் எடுத்தாச்சு, பஸ் போர்டு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, ஆனா புத்தகத்தை எடுத்தா, அதுவும் மலிவுப் பதிப்புல பொடி எழுத்துல அடிச்சிருப்பான் பாருங்க, கண்ணாடி போட்டுமே பத்து பக்கத்துல கண்ணு கலங்கிடுது. எழுத்தைப் பெருசாக்கிக்கலாம்னு கூட வேலை பாத்த ஒரு டீச்சர் கிண்டில்னு அமேசான்காரன் விக்கிற மின்புத்தக மெஷின் வாங்கச் சொன்னாங்க. தமிழ்ப் புத்தகம் அதுல ஒழுங்கா வருமா? போன்லயே படிச்சா போதாதா? இருக்கிற புத்தகத்தை எல்லாம் குடுத்துட்டா பின்னால வருத்தப்படுவேனா?

இன்னொண்ணு. எங்கம்மா கல்கி பத்திரிகையில பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்போ, 1950ல ஆரம்பிச்சு 54 வரைக்கும், வாராவாரம் பிரிச்செடுத்துச் சேத்து பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. மணியம் படமெல்லாம் அப்படியே இருக்கு, பின்பக்கம் சோப்பு விளம்பரம் தைல விளம்பரம் எல்லாம் இருக்கு. தாள் அப்பளம் மாதிரி ஆயிட்டு, ஓரத்தைத் தொட்டா கையோட வருது. இதை என்ன செய்ய?

ஒரே ஒரு வேண்டுகோள், புத்தக வாசனை பத்தி யாரும் எழுதாதீங்க. எங்க வீட்ல புத்தக வாசனைன்னா அது அந்துருண்டை வாசனைதான்.

---

கோவை_எழுத்துப்புழு:

வணக்கமுங்க டீச்சர். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உடனே போயி மெஷின் வாங்கிராதீங்க. உங்க போன்லயோ பேரன் டேப்லயோ கிண்டில் ஆப் சும்மாவே போட்டுக்கலாம், அதுல எந்தத் தமிழ்ப் புத்தகத்துக்கும் சாம்பிள்னு முதல் கொஞ்சப் பக்கம் காசில்லாம இறக்கிப் பாக்கலாம். ஒரு மாசம் அப்படியே ஓட்டுங்க. மூணு நாலு புத்தகம் முழுசா முடிச்சீங்கன்னா அப்புறம் மெஷின் பத்தி யோசிக்கலாம், முடிக்கலைன்னா காசு மிச்சமுங்க.

தமிழ் வருமான்னு கேட்டீங்க. கிண்டில் கடையில தமிழ் 2016 டிசம்பர்லயே வந்துருச்சு. அதுக்கு முன்னாடி பழைய மெஷின்ல நாமளா ஏத்துனா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும், "கொ"வைப் படிக்கறதுக்கே தனித் திறமை வேணும். இப்ப அந்தத் தொல்லை இல்லைங்க. ஆனா சாம்பிளை ஏன் பாக்கச் சொல்றேன்னா, சில பதிப்பகத்துக்காரங்க அச்சுக்குப் போன பக்கத்தை அப்படியே படமா ஏத்தி விட்டர்றாங்க. அதுல எழுத்தைப் பெருசாக்க முடியாது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் பாக்கோணும். உங்க கண்ணுக்கு அது ஆகாது. சாம்பிள்ல எழுத்து அளவு மாறுதான்னு பாத்துட்டு அப்புறமா வாங்குங்க.

போன் போதாதான்னா, படிக்கறதுக்குப் போதும், கண்ணுக்குத்தான் போதாது. போன் திரைக்கு வெளிச்சம் பின்னால இருந்து நேரா கண்ணுல அடிக்குதுங்க. கிண்டில் மெஷின்ல இருக்கற இ-இங்க் திரைல உள்ள கருப்பும் வெள்ளையுமா பொடித்துகள் இருக்கும், அது நகந்து எழுத்தா நிக்கும், வெளில இருந்து விழற வெளிச்சத்துல பேப்பர் மாதிரியே தெரியும். பக்கம் திருப்பும்போதுதான் திரை கரண்ட் இழுக்கும், அதான் ஒரு சார்ஜ் வாரக்கணக்குல நிக்குது. ராத்திரிக்குன்னு ஓரத்துல இருக்கற லைட்டு கூட திரை மேல படியற மாதிரிதான் வெச்சிருக்காங்க. இதை விடப் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு, அதுல வாட்ஸ்அப் வராது. போன்ல நாலாவது பக்கத்துல யாராச்சும் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பிருவாங்க, நாமளும் போயி பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ போடுவோம், அரை மணி நேரம் போயிரும்.

பிடிஎஃப் மட்டும் ஆறு இன்ச் மெஷின்ல படிக்காதீங்க. பத்துப் பேர் "கிண்டில் சரியில்ல"ன்னு சொன்னா எட்டுப் பேர் பிடிஎஃப் போட்டுப் படிச்சவங்களா இருப்பாங்க. எழுத்து அளவை மாத்திக்கற மாதிரி வர்ற ஈபப் ஃபைல்தான் வேணும், மெஷினுக்குன்னு ஒரு ஈமெயில் முகவரி குடுப்பாங்க, அதுக்கு ஈபப்பை அனுப்பினா 2022ல இருந்து நேரா ஏத்துக்குது.

இலவசமா வேணும்னா, மதுரைத் திட்டம்ங்கற இணையத் தளத்துல 1998 பொங்கல்ல இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணிப் போட்டுட்டு இருக்காங்க, சங்க இலக்கியத்துல இருந்து புதுமைப்பித்தன் வரைக்கும் கிடைக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்ங்கற தளத்துல ஈபப் ரெடியாவே இருக்கும். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் இப்படிச் சும்மாவே கிடைக்குதுங்க, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிருச்சு. ஆனா அம்மா பைண்டு பண்ணுனது வேற சாமான், அதைத் தூக்கிப் போட்டுராதீங்க.

அப்புறம் ஒரு சின்ன சூட்சுமம், தமிழ் டீச்சருக்கு நான் சொல்றதுதான் வேடிக்கை. உள்ளே தேடும்போது "மரம்"னு போட்டா "மரத்தை", "மரத்துல" எல்லாம் சிக்காது, "மரத்"னு நிறுத்தித் தேடோணும். வேற்றுமை உருபு, சாரியை எல்லாம் அதுக்குத் தெரியாதுங்க.

---

முடிச்சூர்க்காரன்:

டீச்சரம்மா, நான் ரெண்டு விதமாவும் புத்தகத்தைத் தொலைச்சவன், அதனால எனக்குப் பேசத் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துல கீழ் வீடு. ராத்திரி தண்ணி ஏறுறப்ப ஃபிரிட்ஜைத் தூக்குறதா அம்மாவைத் தூக்குறதான்னு இருந்தோம், புத்தகம் ஞாபகத்துல இல்ல. முந்நூறு புத்தகம் போச்சு. மூணு நாள் கழிச்சு வந்து ஒவ்வொண்ணா எடுத்து நடுவுல நியூஸ்பேப்பர் சொருகி ஃபேன்ல காய வெச்சதுல நூத்திப்பத்து தேறிச்சு, ஊதிப் போயி இட்லி மாதிரி இருக்கு ஆனா படிக்கலாம். வழவழ ஆர்ட் பேப்பர்ல அடிச்சதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கல்லாயிடுச்சு.

அதுக்கப்புறம் போதும்டா சாமின்னு டிஜிட்டலுக்கு மாறி ஒரு ஆப்ல தமிழ்ப் புத்தகமா வாங்கிக் குவிச்சேன், பேரு சொல்ல விரும்பல. நாப்பது புத்தகம் இருக்கும். ஒரு நாள் ஆப் திறக்கல. அவ்ளோதான், கடையைச் சாத்திட்டாங்க, மெயில் அனுப்பினா மெயிலும் திரும்பி வருது. தண்ணியில போனதையாவது காய வெச்சேன், இதை எங்க காய வெக்கிறது?

பெரிய கம்பெனின்னா நடக்காதுன்னு நெனைக்காதீங்க. 2009 ஜூலைல அமேசான் ஜார்ஜ் ஆர்வெல்லோட ரெண்டு புத்தகத்தை, வித்தவருக்கு உரிமை இல்லன்னு தெரிஞ்சதும், வாங்கினவங்க மெஷின்ல இருந்தே அழிச்சாங்க. காசைத் திருப்பிக் குடுத்தாங்க, மன்னிப்பும் கேட்டாங்க, ஆனா முடியும்னு காட்டிட்டாங்கல்ல. அதுல ஒரு புத்தகம் 1984, யோசிச்சுப் பாருங்க எதைப் போய் அழிச்சிருக்காங்கன்னு. மைக்ரோசாஃப்ட் 2019ல புத்தகக் கடையை மூடுனப்ப வாங்கின புத்தகம் எல்லாம் போச்சு, அங்கயும் பணம் வந்துச்சு புத்தகம் வரல. கிண்டில் புத்தகத்தை கம்ப்யூட்டர்ல இறக்கி யுஎஸ்பி வழியா ஏத்துற வசதி ஒண்ணு இருந்துச்சு, அதையும் 2025 பிப்ரவரியோட எடுத்துட்டாங்க. நாம வாங்குறது புத்தகம் இல்ல, படிச்சுக்கோன்னு ஒரு அனுமதி. குடக்கூலிக்கு இருக்கிற மாதிரிதான், ஓனர் நல்லவரா இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல.

அதனால என் கணக்கு இது. ஒரு தடவை படிச்சா போதும்கிறதை எல்லாம் கிண்டில்ல படிக்கிறேன். திரும்பத் திரும்ப எடுப்பேன்கிறது பேப்பர்ல. பேப்பர்ல எத்தனைன்னா ஒரே ஒரு ஷெல்ஃப், புதுசு ஒண்ணு உள்ள வந்தா பழசு ஒண்ணு வெளிய போகணும், வீட்டம்மா போட்ட சட்டம். மேடவாக்கம்னு சொன்னீங்க, எத்தனாவது மாடின்னு மட்டும் மகன்கிட்ட கேட்டுக்குங்க.

---

கோவை_எழுத்துப்புழு:

@முடிச்சூர்க்காரன் அண்ணா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெசம், ஆனா அவங்களுக்குக் கண்ணு பிரச்சினைங்க. பேப்பர்ல வெச்சுக்கிட்டாலும் படிக்க முடியலைன்னா அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். பூட்டு இல்லாத ஈபப்பா இலவசத் தளத்துல இருந்தோ சில பதிப்பகத்துக்கிட்ட நேரடியாவோ வாங்கி ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சுட்டா எந்தக் கடை மூடினாலும் நமக்கென்னங்க.

---

ஸ்காபரோ_வாசகன்:

வணக்கம் ரீச்சர். நான் இருக்கிறது கனடாவில, சொந்த இடம் வடமராட்சி. இந்த இழையை நேற்று இரவு வாசிச்சனான், உங்கட அம்மாவின்ர பைண்டிங் கதையை வாசிச்சதில நித்திரை வரேல்ல.

எங்களுக்கு டிஜிட்டலுக்கு மாறுறதோ வேண்டாமோ எண்ட கேள்வியே வந்ததில்ல ரீச்சர். 81ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது, 97,000 புத்தகம் எண்டு சொல்லுவினம், அதுக்குள்ள வேற எங்கயும் பிரதி இல்லாத ஓலைச்சுவடியும் பழைய பத்திரிகையளும் இருந்தது. பிறகு சண்டை, இடம்பெயர்வு. 95இல நாங்கள் வெளிக்கிடேக்க அப்பா சைக்கிள் கரியரில அரிசி மூட்டை கட்டினவர், புத்தகம் கட்டேல்ல. ஆர் கட்டுவினம்? 2005இல பெடியள் கொஞ்சப்பேர் சேர்ந்து நூலகம் எண்டு இணையத்தில தொடங்கி, ஈழத்தில வந்த புத்தகம், சஞ்சிகை, பேப்பர், கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் எண்டு கிடைச்சதெல்லாத்தையும் ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டே இருக்கினம். நான் படிச்ச பள்ளிக்கூடத்தின்ர ஒரு மலர் அதில இருக்கு, அப்பான்ர பேர் நன்கொடை தந்த ஆக்களின்ர பட்டியலில கிடக்கு, அஞ்சு ரூபா. அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கிறதுக்காகவே எத்தினை தரம் திறந்திருப்பன்.

சரி, உங்கட புத்தகத்துக்கு வாறன். நான் இஞ்ச ஒரு கோயிலின்ர பழைய கொப்பியளை ஸ்கான் பண்ண உதவி செய்தனான், அந்த அனுபவத்தில சொல்லுறன். பைண்டிங்கை வெட்டாதேங்கோ. கடையில குடுத்தா முதல் வேலையா முதுகை வெட்டித்தான் மெசினுக்குள்ள விடுவினம், அப்பளத் தாள் தூளாப் போகும். முழுசா விரிச்சு அமத்தவும் கூடாது. ஒரு பக்கத்தை அரைவாசி திறந்து அடியில துணி மடிச்சுக் குடுத்து, யன்னல் வெளிச்சத்தில, பிளாஷ் இல்லாம, போனை நேர மேல பிடிச்சு எடுங்கோ. இடப்பக்கம் எல்லாம் ஒரு முறை, வலப்பக்கம் எல்லாம் ஒரு முறை எண்டு எடுத்தா கை பழகிடும். கிழிஞ்ச இடத்தில செலோரேப் ஒட்டிடாதேங்கோ ரீச்சர், கொஞ்ச வருசத்தில அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துச் சாப்பிட்டிடும். விளம்பரத்தையும் விடாம எடுங்கோ. கதை எங்கயும் கிடைக்கும், அந்தத் தைல விளம்பரம் உங்கட வீட்டில மட்டும்தான் இருக்கோ ஆருக்குத் தெரியும்.

---

செவிவாசகன்:

எல்லாரும் கண்ணைப் பத்திப் பேசுறீங்க, கண்ணே இல்லாம படிக்கிறவன் ஒருத்தன் குறுக்க வரேன். பிறவியிலயே பார்வை கிடையாது, திருச்சி பக்கம், போன்லயும் கம்ப்யூட்டர்லயும் திரையில இருக்கிற எழுத்தை வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் வெச்சுத்தான் எல்லாமே, இதையும் அப்படித்தான் எழுதுறேன்.

அச்சுப் புத்தகமா மின்புத்தகமாங்கிற சண்டையில எனக்கு வேடிக்கை என்னன்னா, நீங்க மின்புத்தகம்னு சொல்றதுல பாதி எனக்கு வெறும் தாள். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் இருக்கே, அது ஃபோட்டோ ஆல்பம். மெஷின் "பக்கம் ஒன்று, படம்"னு சொல்லிட்டு அமைதியாயிடும். அரசாங்கத்தோட தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல அவ்வளவு அரிய நூல் கெடக்கு, பெரும்பாலும் ஸ்கேன்தான், அங்க போனா பூட்டின கண்ணாடி பீரோ முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல தட்டின ஃபைல்னா இன்னும் மோசம், இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கலந்து உளறும். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறையில இருந்தாத்தான் அது எனக்குப் புத்தகம். மதுரைத் திட்டம் திஸ்கிங்கிற பழைய எழுத்து முறையில இருந்து யூனிகோடுக்கு மாறினப்பறம்தான் நான் சிலப்பதிகாரத்தை யாரையும் படிச்சுக் காட்டச் சொல்லாம படிச்சேன்.

டீச்சர், உங்களுக்கும் இதுல வேலை இருக்கு. கண்ணு அசந்தா காதால கேளுங்க, ஆண்ட்ராய்டு போன்ல தமிழ்க் குரல் இருக்கு. கொஞ்ச நாள் கோவம் வரும், "பாவம்"னு இருந்தா பரிதாபமா பாவனையான்னு அதுக்குத் தெரியாது, கந்தசாமியை ஒரு மாதிரி கூப்பிடும், நாலு நாள்ல பழகிடும்.

கேக்கலாமான்னு தெரியல, கேட்டுடறேன். நீங்க தமிழ் டீச்சர்னு சொன்னீங்க. விக்கிமூலம்னு யார் வேணா திருத்தக்கூடிய இணைய நூலகத்துல நாட்டுடைமை நூல்களை ஸ்கேன்ல இருந்து மெஷினை வெச்சு எழுத்தாக்கிப் போட்டிருக்காங்க, ஆனா மெஷினுக்குக் காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, "காரணம்" எல்லாம் "கரரணம்" ஆயிடும். அதுவும் 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அடிச்ச புத்தகம்னா, தும்பிக்கை வெச்ச ணை, லை, ளை, னை வரும்ல, அதைப் பாத்து மெஷின் திகைச்சுப் போய் வாய்க்கு வந்ததை எழுதி வெச்சிடும். பாக்குறவங்க தாண்டிப் போயிடுவீங்க, எனக்குக் காதுல கல்லு மாதிரி விழும். அங்க ஒரு பக்கம் ஸ்கேன், பக்கத்துலயே எழுத்து, பாத்துத் திருத்தலாம், திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருத்தர் திருத்தினா மஞ்சள், இன்னொருத்தர் சரிபாத்தா பச்சை. படத்தை எவ்வளவு வேணா பெருசாக்கிக்கலாம். பழைய லை, னை எல்லாம் படிச்சு வளந்த தலைமுறை நீங்கதான். என் வயசுக்காரங்க பாதிப் பேருக்கு அதைப் பாத்தாலே தெரியாதாம்.

---

முடிச்சூர்க்காரன்:

@செவிவாசகன் தம்பி, பத்து வருஷமா ஸ்கேன் பிடிஎஃப்பா இறக்கி ஹார்டு டிஸ்க்குல சேத்துட்டு பெரிய லைப்ரரி வெச்சிருக்கேன்னு பெருமை பேசிட்டு இருந்தேன். நீங்க ஆல்பம்னு சொன்னப்பதான் ஒண்ணு உறைக்குது, அதுல நான் முழுசாப் படிச்சது ஒண்ணு கூட இல்ல.

---

பாளை_டீச்சர்:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வீடு காலி பண்ற வேலை.

பேரன் டேப்ல ஆப் போட்டுக் குடுத்தான். எழுத்தைப் பெருசாக்கினா ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் வருது, திருப்பித் திருப்பி விரல் வலிக்குன்னு முதல்ல சலிச்சுக்கிட்டேன், ஆனா ஒரு நாவல் அஞ்சு நாள்ல முடிஞ்சுது, ரெண்டு வருஷத்துல நான் முழுசா முடிச்ச முதல் நாவல் அது. வெளிச்சம் கூசத்தான் செய்யுது. எழுத்துப்புழு தம்பி சொன்ன மாதிரி இன்னும் ரெண்டு புத்தகம் முடிச்சுட்டு மெஷின் வாங்கிக்கிடுதேன். "மரத்" விஷயம் சரிதான், என் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தது இப்படி வந்து உதவும்னு நினைக்கல.

புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்ததுல மூணு பங்குல ரெண்டு பங்கு எப்பவும் எங்கயும் கிடைக்கிறதுதான். ஊர் கிளை நூலகத்துல கேட்டு அவங்க வேணும்னதைக் குடுத்தேன், மிச்சம் என் பழைய ஸ்கூல்ல. ஒரு டிரங்குப் பெட்டியோட அடித்தட்டை ராமபாணம் முழுசாத் தின்னுருக்கு, நான் பத்திரமா வெச்சிருக்கேன்னு நினைச்சதை அது எனக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுட்டு. கையெழுத்துப் போட்டு யாராவது தந்தது, வேற எங்கயும் கிடைக்காத சிறுபத்திரிகை, ஓரத்துல நான் பென்சில்ல கிறுக்கினது, இது மட்டும் நூத்தி இருவது வருது.

அம்மா பைண்டிங்கை எங்க வீட்டுக்காரர் போன் பிடிக்க நான் பக்கம் திருப்ப தினம் காலைல ஒரு மணி நேரம் எடுக்கோம். கனடாத் தம்பி, வலப்பக்கம் எல்லாம் முடிஞ்சுது. ஒரு பக்க ஓரத்துல "பால் கணக்கு 3 படி"ன்னு அம்மா எழுதியிருக்காங்க. அதையும் சேத்துத்தான் எடுத்திருக்கு.

செவிவாசகன், விக்கிமூலத்துல கணக்குத் திறந்தேன், பேரன்தான் திறந்து குடுத்தான். நேத்து வரைக்கும் பதினோரு பக்கம் மஞ்சள் ஆக்கியிருக்கேன். நீங்க சொன்ன "கரரணம்" நிஜமாவே வந்துச்சு, ஒரே பக்கத்துல நாலு இடத்துல. சிவப்பு மையிலதான் திருத்திப் பழக்கம், இங்க திருத்தாததுதான் சிவப்பா இருக்கு, அது மட்டும் இன்னும் ஒட்ட மாட்டேங்கு.

முடிச்சூர்க்காரர் சார், நாலாவது மாடி. நேத்து மருமக ஹால் சுவத்தை அளந்து படம் எடுத்து அனுப்பியிருக்கா, "அத்தை, மூணரை அடி அகலம், அஞ்சு தட்டு, கண்ணாடிக் கதவு போடவா சும்மா விடவா"ன்னு கேட்டு.